சேற்றுத் தண்ணீரில் ஒரு சுயம்வரம்

ஜிலேபி என்றதும் நாக்கில் நீர் ஊறுகிறதா? சற்றுப் பொறுங்கள். நான் சொல்ல வந்தது மிட்டாய்க் கடை ஜிலேபியைப் பற்றி அல்ல; மீன் கடை ஜிலேபியைப் பற்றி. சைவ வாசகிகள் அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கட்டுரையில் யாரும் மீன் குழம்பு வைக்கப் போவதில்லை. இது ஒரு கல்யாண விஷயம். பெண் பார்க்கிற கதை. இல்லை, இல்லை, பெண் மாப்பிள்ளை பார்க்கிற கதை. போதாததற்குப் பாட்டியின் சமையல் நோட்டுப் புத்தகமும் இதில் வரும்.

குளத்திலும் ஏரியிலும் அகப்படுகிற, விலை மலிவான ஜிலேபி மீன் நம் ஊர்ப் பிறவி அல்ல. அதன் பிறந்தகம் ஆப்பிரிக்கா. 1952-ஆம் ஆண்டில் அதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ‘திலாப்பியா’ என்ற பெயர் நம்மவர் வாயில் புரண்டு புரண்டு ‘ஜிலேபி’ ஆகிவிட்டது போலும். வந்த இடத்தில் அது நன்றாகவே குடித்தனம் போட்டுவிட்டது. சிக்லிட் என்பது அதன் குடும்பப் பெயர். கேரளத்தில் வாழையிலையில் பொதிந்து சமைக்கிறார்களே, அந்தக் கரிமீனும் இந்தக் குடும்பத்துத் தாயாதிதான்.

இந்தக் குடும்பத்தின் பிறந்த வீட்டில் நடந்த ஓர் அதிசயம் உலகத்து விஞ்ஞானிகளைப் பல காலமாகத் தூங்க விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் அதன் முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்ந்து வருகிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டா, டான்ஸானியா, கென்யா என்ற மூன்று நாடுகளுக்கும் நடுவே விக்டோரியா ஏரி இருக்கிறது. ஏரி என்றா சொன்னேன்? கடல் என்றே சொல்லலாம். அதன் பரப்பு சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை அதில் போட்டால், அப்படியே முழுகிப் போகும். ஓரத்தில் இடமும் மிஞ்சும். ஆனால் இத்தனை பெரிய ஏரிக்கு ஆழம் மட்டும் சொற்பம். மிக ஆழமான இடத்தில்கூட 80 மீட்டர்தான்.

ஆழம் குறைந்த ஏரிக்கு ஓர் ஆபத்து உண்டு: வானம் பொய்த்தால் வற்றிப் போகும். விக்டோரியாவும் வற்றியது. ஏரியின் அடிச்சேற்றைக் குழாய்விட்டுத் துளைத்து எடுத்துப் பார்த்தவர்கள், சேற்றுக்குக் கீழே ஒரு காலத்தில் புல் முளைத்த காய்ந்த தரை இருந்ததைக் கண்டார்கள். மீண்டும் மழை பெய்து அது நிரம்பத் தொடங்கியது சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முன்னால்தான். நமக்கு அது நீண்ட காலமாகத் தோன்றலாம். இயற்கையின் கடிகாரத்தில் அது கண் சிமிட்டும் நேரம்.

அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில், அந்த ஏரியில் மட்டும், வேறெங்கும் இல்லாத ஐந்நூறு இனம் சிக்லிட் மீன்கள் தோன்றிவிட்டன! கலாபகாஸ் தீவுகளில் டார்வின் பார்த்த குருவிகளைப் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே ஒன்றரை டஜன் குருவி இனம் உண்டாக இயற்கைக்குப் பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் பிடித்தது. இங்கே ஐந்நூறு, அதுவும் பதினாறாயிரம் ஆண்டுக்குள்.

ஐந்நூறும் ஒரே அச்சில் வார்த்தவை என்று நினைக்கவேண்டாம். ஒன்று பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். இன்னொன்று நத்தையை ஓட்டோடு நொறுக்கும். மற்றொன்று பூச்சி பிடிக்கும். அடுத்த மீனின் செதிலைப் பிய்த்துத் தின்றே வயிறு வளர்க்கிற திருடனும் உண்டு. எல்லாவற்றிலும் கொடுமை, தாய் மீன்கள் வாயில் வைத்துக் காக்கும் குஞ்சுகளைப் பறித்துத் தின்னும் இனங்கள். கம்சன் பரம்பரை! அந்தப் பக்கத்து மக்கள் இந்தச் சிறு மீன்களை எல்லாம் சேர்த்து ‘ஃபுரு’ என்று ஒரே பெயரால் அழைத்தார்கள். அவர்களுக்கு வெயிலில் காய வைக்கவும் குழம்பு வைக்கவும் ஒரு பெயர் போதும்.

இவற்றுக்கு வாயில் ஒரு தாடை, தொண்டையில் இன்னொரு தாடை. முன் தாடை பிடிக்கும். பின் தாடை மெல்லும். இரண்டு வேலையும் ஒரே தாடைக்கு இல்லாததால், இரையைப் பிடிக்கிற முறைக்கு ஏற்றபடி முன் தாடையும், மெல்லுகிற இரைக்கு ஏற்றபடி பின் தாடையும் தனித்தனியே மாற முடிந்தது. இத்தனை விதமான தொழில் செய்கிற மீன்கள் ஒரே குடும்பத்தில் உண்டானதற்கு இது ஒரு காரணம். ஆனால் சிக்லிட் எல்லாவற்றுக்கும்தான் இரண்டு தாடை இருக்கிறது. எல்லாமே ஐந்நூறாகப் பெருகிவிடவில்லையே! வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

* * *

இப்போது சுயம்வரத்துக்கு வருவோம்.

இந்த மீன்களில் அலங்காரம் எல்லாம் ஆணுக்குத்தான். பெண் மீன் மங்கலான பழுப்பு, கண்ணைப் பறிக்காது. ஆண் மீன் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக மாப்பிள்ளைக் கோலத்தில், பாறை இடுக்கில் சொந்தமாக ஓர் இடம் பிடித்துக்கொண்டு, துடுப்பை விரித்து ஆடிக் காட்டும். பெண் மீன் வரும், பார்க்கும், பிடிக்காவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். பிடித்தால்தான் முட்டை இடும். இட்ட முட்டையைத் தானே வாயில் அள்ளிக்கொள்ளும். ஆணின் பின்துடுப்பில் முட்டையைப் போலவே வட்ட வட்டமாக மஞ்சள் புள்ளிகள் இருக்கின்றன. ‘அடடா, இரண்டு முட்டை விட்டுப் போயிற்றே!’ என்று அதையும் அள்ளப் போகிறது பெண். அந்தச் சமயத்தில்தான் அதன் வாயிலுள்ள முட்டைகள் உயிர் பெறுகின்றன. என்ன தந்திரம், பாருங்கள்!

அதற்குப் பிறகு மாப்பிள்ளை தன் வழியே போய்விடுவார். இரண்டு மூன்று வாரம் முட்டையையும் குஞ்சையும் வாயில் சுமந்துகொண்டு, சரியாக ஆகாரமும் இல்லாமல், எதிரிக்கு ஒளிந்து திரிவதெல்லாம் தாயின் பாடு. இத்தனை பாடு படப்போகிறவள் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் என்ன ஆச்சரியம்?

ஓலே சீஹௌசன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஹாலந்து தேசத்து லெய்டன் சர்வகலாசாலையோடு சேர்ந்து, விக்டோரியா ஏரியின் தென்கரையில் உள்ள ம்வான்ஸா வளைகுடாவில் இந்தத் தேர்வைத்தான் ஆராய்ந்தார். அங்கே பாறைத் தீவுகளின் ஓரத்தில் நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள் உண்டு. ஒன்றில் ஆண் நீலம். கரையோரத்து மேல் தண்ணீரில் வசிக்கும். மற்றதில் ஆண் சிவப்பு. அதைவிட ஆழத்தில் வசிக்கும். சிவப்பு மீனுக்கு டான்ஸானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேயின் பெயரை வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் கலந்துவிட்டாலும் குஞ்சு பிறக்கும். அந்தக் குஞ்சுக்கும் குஞ்சு பிறக்கும். கோவேறு கழுதை மாதிரி மலடாகிப் போவதில்லை. பின் ஏன் கலக்கவில்லை? நீலத்தின் பெண் நீலத்தையும், சிவப்பின் பெண் சிவப்பையும் மட்டுமே ஏற்றுக்கொள்வதால்தான். இரண்டு இனத்துக்கும் நடுவே சுவர் எழுப்பியிருப்பது பெண்ணின் கண்!

இதைச் சோதிக்க அவர்கள் செய்த காரியம் மிக எளிமையானது. தொட்டியில் வெள்ளை விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். பெண் மீன்கள் பிசகாமல் தங்கள் இனத்து ஆணிடம் போயின. பிறகு ஆரஞ்சு நிற விளக்கைப் போட்டார்கள். அந்த ஒளியில் நீலமும் சிவப்பும் வித்தியாசம் தெரியாது. பெண் மீன்கள் குழம்பிவிட்டன. எந்த ஆண் என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் போயின.

ஜவுளிக் கடைக்குப் போகிற நமக்கு இது புதிதா என்ன? கடை விளக்கில் அரக்காகத் தெரிந்த புடவை வீட்டுக்கு வந்ததும் செங்கல் நிறமாகிவிடுகிறது. அதனால்தானே புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் விரித்துப் பார்க்கிறோம்! பாவம், மீனுக்கு அந்த வசதி இல்லை. ஏரியில் என்ன வெளிச்சம் இருக்கிறதோ அதில்தான் மாப்பிள்ளை பார்த்தாக வேண்டும்.

அந்த ஏரித் தண்ணீரில் நீல ஒளி சீக்கிரம் அடங்கிவிடும். கீழே போகப் போக மஞ்சளும் சிவப்புமே மிஞ்சும். ஆழத்தில் வசிக்கும் மீனின் கண்ணில், சிவப்பொளியை வாங்கிக்கொள்ளும் புரதம் சற்றே மாறி, சிவப்பை இன்னும் கூர்மையாகக் காண்கிறது. அந்தக் கண்ணுக்குச் சிவப்பு மாப்பிள்ளை பளிச்சென்று தெரிகிறான். மேலே வசிக்கிற கண்ணுக்கு நீலம் பளிச்சென்று தெரிகிறது. தண்ணீரின் வெளிச்சம் கண்ணை மாற்ற, கண் தேர்வை மாற்ற, தேர்வு இனத்தைப் பிரித்துவிட்டது. 2008-ஆம் ஆண்டில் சீஹௌசனும் அவருடைய கூட்டாளிகளும் கண்ணின் அந்த மரபணுவையே எடுத்துப் படித்து இதை எழுதினார்கள்.

* * *

மரபணுவைப் படிப்பது என்றால் என்ன? இங்கேதான் பாட்டியின் நோட்டுப் புத்தகம் வேண்டும். 

ஒரு பாட்டி தன் சமையல் குறிப்புகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நாலு பெண்களும் கல்யாணமாகிப் போகும்போது ஆளுக்கு ஒரு பிரதி எழுதிக்கொண்டார்கள். அவர்களுடைய பெண்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். எழுதும்போது கை தவறும் அல்லவா? மூத்தவள் ‘மல்லி இரண்டு கரண்டி’ என்பதை ‘மிளகு இரண்டு கரண்டி’ என்று எழுதிவிட்டால், அவள் வழிப் பேத்திகள் வீட்டு ரசமெல்லாம் காரமாகவே இருக்கும். எல்லா நோட்டுக்களையும் கூடத்தில் பரப்பி வரிக்கு வரி ஒப்பிட்டால், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள், எந்தத் தவறு எந்தத் தலைமுறையில் புகுந்தது என்பதெல்லாம் தெரிந்துபோகும். பாட்டியின் மூல நோட்டு தொலைந்து போயிருந்தாலும் பாதகமில்லை.

ஒவ்வொரு உயிரின் ஒவ்வொரு செல்லிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது. அதில் நான்கே நான்கு எழுத்துக்கள்தாம் மாறி மாறி வரும். மனிதனின் நோட்டில் சுமார் முந்நூறு கோடி எழுத்துக்கள். ஜிலேபி மீனின் நோட்டில் சுமார் நூறு கோடி. பல உயிர்களின் நோட்டுக்களை அடுக்கி வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற சாஸ்திரம்தான் இந்தக் கதையின் துப்பறிவாளர்.

2014-ஆம் ஆண்டில் ஐந்து ஆப்பிரிக்க சிக்லிட் இனங்களின் நோட்டுக்களை முழுவதும் படித்து முடித்து ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். விக்டோரியா ஏரியிலிருந்து நம் சிவப்பு மாப்பிள்ளை. மலாவி ஏரியிலிருந்து ஒன்று. டாங்கனீக்கா ஏரியிலிருந்து ஒன்று. ஆற்றிலும் வாழக்கூடிய இனம் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க நைல் நதி ஜிலேபி ஒன்று. மீன் கடை ஜிலேபிக்கு வந்த பெருமையைப் பார்த்தீர்களா?

ஒரே ஒரு மாயக் குறிப்பு இருக்கும், அதனால்தான் இந்த மீன்கள் இப்படிப் பெருகின என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். பல சில்லறைக் காரணங்கள் சேர்ந்திருந்தன. சில குறிப்புகள் இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தன. அப்படி எழுதினால் ஒன்றைப் பழையபடி வைத்துக்கொண்டு மற்றதில் துணிந்து கைவரிசை காட்டலாம். குறிப்பை விடவும் குறிப்பின் ஓரத்தில் எழுதிய ‘அடுப்பைத் தணிக்கவும்’, ‘இன்னும் சற்றுக் கொதிக்கட்டும்’ என்பவற்றில் நிறைய மாறுதல் தென்பட்டது. அரிசியும் உளுந்தும் அதேதான். இட்லியாவதும் தோசையாவதும் பக்குவத்தில் அல்லவா இருக்கிறது! நோட்டுக்குள் இடம்விட்டு இடம் தாவி ஒட்டிக்கொள்கிற துண்டுச் சீட்டுக்களும் உண்டு. ஆணின் துடுப்பில் அந்தப் பொய் முட்டைப் புள்ளி வந்ததுகூட, ஒரு மரபணுவின் பக்கத்தில் இப்படி ஒரு துண்டுச் சீட்டு வந்து ஒட்டிக்கொண்டதோடு சம்பந்தப்பட்டது என்று அதே 2014-இல் வேறொரு குழு கண்டுபிடித்தது.

மலாவி ஏரியில் 73 இனங்களின் நோட்டுக்களை ஒப்பிட்ட ஆராய்ச்சி 2018-இல் வெளிவந்தது. அதில் எனக்கு மறக்க முடியாத கணக்கு ஒன்று உண்டு. அங்கே இரண்டு வெவ்வேறு இனங்களுக்கு நடுவே ஆயிரம் எழுத்துக்கு ஒன்று முதல் இரண்டரை எழுத்துத்தான் வித்தியாசம். நமக்கும் அடுத்த வீட்டு மாமிக்குமே ஆயிரத்துக்கு ஓர் எழுத்து வித்தியாசம் இருக்கிறது! ஏறக்குறைய அவ்வளவு சிறிய வித்தியாசத்தில் தாடை வேறு, நிறம் வேறு, வாழ்க்கை வேறு.

அப்படியானால் விக்டோரியா ஏரியின் பதினாறாயிரம் ஆண்டுக் கணக்கு எப்படி நேரானது? கை தவறி ஒவ்வொரு எழுத்தாக மாறி ஐந்நூறு இனம் உண்டாவதற்கு அந்தக் காலம் போதவே போதாது. 2017-ஆம் ஆண்டில் ஜோவானா மையர், சீஹௌசன் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியில் விடை கிடைத்தது. அது ஒரு பழைய கல்யாணம்.

சுமார் ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், நல்ல மழைக் காலத்தில், ஆறுகள் பெருகி வழி மாறியபோது, இரண்டு மீன் குடும்பங்கள் சந்தித்தன. ஒன்று காங்கோ நதிப் பக்கத்தது. மற்றது நைல் நதியின் மேற்பகுதியைச் சேர்ந்தது. பத்து லட்சம் ஆண்டுக்கு மேலாக ஒன்றை ஒன்று பார்த்திராத குடும்பங்கள். இரண்டும் கலந்தன. திருநெல்வேலி நோட்டோடு ஒரு பெண் தஞ்சாவூர்ப் பிள்ளை வீட்டில் மருமகளாய் நுழைந்தது போல! இரண்டு நோட்டிலும் இருக்கிற சாம்பார், கூட்டு, குழம்பு எல்லாம் மாறி மாறிச் சேர்ந்தால் எத்தனை விதமான சாப்பாடு போடலாம்! புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழையதையே புது விதமாகச் சேர்த்தால் போதும். சிவப்பொளியைக் காணும் அந்தக் கண் மரபணு இருக்கிறதே, அதன் ஒரு பாடம் ஒரு குடும்பத்திலிருந்தும், வேறு பாடம் மற்றக் குடும்பத்திலிருந்தும் வந்ததாம். விக்டோரியாவையும் அதைச் சுற்றிய ஏரிகளையும் சேர்த்தால் எழுநூறு இனங்கள் இந்தக் கல்யாணத்தின் வாரிசுகள்.

கலப்பு மணத்தால் குலம் கெடும் என்று மூக்கைச் சுளிக்கிற பெரியவர்கள் இந்த ஏரிக் கரையில் ஒரு மாதம் உட்கார்ந்து வரலாம்.

* * *

இத்தோடு முடித்திருந்தால் இது ஒரு மங்களகரமான கட்டுரை. ஆனால் அந்தச் சுயம்வர மண்டபத்துக்கு நேர்ந்த கதியையும் சொல்லத்தான் வேண்டும்.

1950-களில் அந்த ஏரியில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் கடற்கரையில் விலை போகும் கொடுவா மீனுக்கு அது நெருங்கிய உறவு. ஆனால் ஆள் பகாசுரன். இரண்டு மீட்டர் நீளமும் இருநூறு கிலோ எடையும்கூட வளரக்கூடியது. முள் நிறைந்த சிறு ஃபுருக்களைத் தின்று, ஏற்றுமதிக்கு ஏற்ற பெரிய மீனாக மாற்றித் தரும் என்பது அன்றைய அதிகாரிகளின் கணக்கு. முப்பது ஆண்டு சும்மா இருப்பதுபோல் இருந்துவிட்டு, 1980-களில் அது திடீரென்று பெருகியது. ஒரு காலத்தில் அந்த ஏரியின் மீன் எடையில் ஐந்தில் நான்கு பங்கு ஃபுருதான். சில ஆண்டுகளில் வலையில் ஃபுரு விழுவதே அரிதாகிவிட்டது. சுமார் இருநூறு இனங்கள் அழிந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. அதே காலத்தில் குடியேற்றிய நைல் ஜிலேபியும் அங்கே நல்ல பெயர் எடுக்கவில்லை. அந்த ஏரியின் சொந்த ஜிலேபியை ஓரங்கட்டிவிட்டது.

கரையில் இருந்த பெண்களுக்கும் வாழ்க்கை மாறியது. ஃபுருவை வெயிலில் காயப் போட்டால் போதும், செலவில்லை. நைல் பெர்ச்சில் எண்ணெய் அதிகம், வெயிலில் காயாது, புகையில்தான் வாட்டவேண்டும். புகைக்கு விறகு வேண்டும். விறகுக்கு மரம் வெட்டவேண்டும். ஏரிக்கரை மொட்டையாயிற்று. நல்ல சதையெல்லாம் தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போயிற்று. உள்ளூர்ப் பெண்களுக்குக் கிடைத்தது தலையும் நடு எலும்பும். அதை எண்ணெயில் பொரித்து விற்றார்கள். ‘ம்கோங்கோ வாஸி’ என்று அதற்குப் பெயர். ஸ்வாஹிலி மொழியில் ‘வெற்று முதுகு’ என்று அர்த்தம்.

மரம் போனால் மண் நிற்குமா? மழைதோறும் மண் கரைந்து ஏரியில் இறங்கியது. வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்தன. பாசி பெருகியது. போதாக்குறைக்கு 1980-களின் கடைசியில் ஆகாயத்தாமரை வேறு வந்து மூடியது. கண்ணாடி மாதிரி இருந்த இடங்கள் கலங்கிப் போயின.

தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க விஞ்ஞானிகள் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் கணக்கு. ம்வான்ஸா வளைகுடாவின் வாயருகே மக்கோபே என்ற தீவில் தட்டு இரண்டு மீட்டருக்கு மேல் தெரிந்தது. அங்கே நீலமும் சிவப்பும் தனித் தனி இனமாக, கலப்பின்றி வாழ்ந்தன. வளைகுடாவின் உட்பக்கம் போகப் போகக் கலங்கல் அதிகம். லுவான்ஸோ என்ற தீவில் தட்டு அரை மீட்டரில் மறைந்துவிட்டது. அங்கே நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இன்ன நிறம் என்று சொல்ல முடியாத மாப்பிள்ளைகள். பெண் மீன்களின் தேர்விலும் தீவிரம் இல்லை. ஆய்வுத் தொட்டியின் ஆரஞ்சு விளக்கை ஏரியே ஏற்றி வைத்தது போலாயிற்று.

அன்று கலந்ததால் எழுநூறு உண்டாயிற்று. இன்று கலந்தால் மட்டும் என்ன கேடு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அன்று இரண்டு நோட்டுக்கள் சேர்ந்தபின், காலியான ஏரியும், மேலே ஒரு வெளிச்சம், கீழே ஒரு வெளிச்சம் என்று வகை வகையான தண்ணீரும் காத்திருந்தன. கலந்தவை மீண்டும் பிரிந்து புதுக் குடித்தனங்கள் வைக்க இடம் இருந்தது. இன்று கலங்கிய தண்ணீரில் பிரிவதற்கு வேண்டிய வெளிச்சமே இல்லை. 

இருந்தும் ஒன்று சொல்லவேண்டும். அதே வளைகுடாவில், நடுத்தரமாகக் கலங்கிய தண்ணீர் உள்ள வேறொரு தீவில் நீலம், சிவப்பு என்ற ஜோடி இருக்கிறது. அவற்றின் நோட்டுக்களை முழுவதும் படித்துப் பார்த்தவர்கள் 2017-இல் ஒரு செய்தி சொன்னார்கள். அந்த ஜோடி பழைய ஜோடி அல்ல. நீலமும் சிவப்பும் அங்கே ஒரு தடவை கலந்து, பிறகு அந்தக் கலவையிலிருந்தே மறுபடியும் நீலமும் சிவப்புமாகப் பிரிந்தவை! தண்ணீரில் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சியிருந்தால் சுயம்வரம் மீண்டும் நடக்கிறது. 1990-களுக்குப் பிறகு, வலைகளில் சிக்கி நைல் பெர்ச்சின் ஆதிக்கம் சற்றுத் தணிந்த இடங்களில் சில ஃபுரு இனங்கள் திரும்பத் தலைகாட்டின. பிராணவாயு குறைந்த தண்ணீருக்கு ஏற்றபடி ஓர் இனத்துக்குச் செவுள்கூடப் பெரிதாகியிருந்ததாம்.

பெர்ச்சின் வயிற்றுக்குள் போன இனங்களின் கதை வேறு. கலந்துபோன இனத்தின் குறிப்புகள் குஞ்சுகளின் நோட்டுக்களில் சிதறியாவது கிடக்கும். தின்னப்பட்ட இனத்தின் நோட்டு நோட்டோடு போயிற்று. 1977-இலிருந்து லெய்டன் ஆராய்ச்சியாளர்கள் ம்வான்ஸாவில் பிடித்த மீன்களைப் புட்டிகளில் போட்டு ஹாலந்துக்கு எடுத்துச் சென்றார்கள். அப்போது ஏரியில் அவை ஏராளமாக இருந்தன. பெயர்கூட வைக்க நேரமில்லாமல் எண் போட்டு அடுக்கினார்கள். பார்மலினில் ஊறிய மீனிலிருந்து அந்த நூறு கோடி எழுத்துக்களைப் படித்தெடுப்பது மிகவும் கடினமான வேலை. நிறமும் வெளுத்துப் போயிருக்கும். எந்த மாப்பிள்ளை சிவப்பு, எந்த மாப்பிள்ளை நீலம் என்பதைப் பிடித்த அன்றைக்கே யாராவது குறித்து வைத்திருந்தால்தான் உண்டு.